ஏரி பாடிய பதினோரு நிமிடங்கள்

"ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே மூச்சுல கேட்டுடும்மா. அஞ்சாவது பாட்டுல அந்தக் குரல் வருதுல்ல, அத வெச்சுக்கறதா எடுத்துடறதான்னு நீதான் சொல்லணும். ஆறு மணிக்குள்ள நான் அனுப்பியாகணும்" என்று சொல்லிவிட்டு தயாபரன் அறையின் விளக்கைக் குறைத்தார். ஜசிந்தா தலையை மட்டும் ஆட்டினாள். நேற்று மாலை அவர் போன் செய்ததிலிருந்தே அவளுக்குத் தூக்கமில்லை. முப்பது வருடமாகப் பிறருடைய இசைக்குக் கடைசி மெருகு போடுகிறவர் அவர். எது உரக்க ஒலிக்க வேண்டும், எது அடங்கி இருக்க வேண்டும் என்பதை அவருடைய விரல்தான் முடிவு செய்யும். அடங்கிக் கிடந்ததை அந்த விரல் கொஞ்சம் ஏற்றியபோது அடியிலிருந்து அது எழுந்து வந்திருக்கிறது. "யாரோ பேசறாங்கம்மா. பொம்பளக் குரல். தண்ணிக்கடியிலேருந்து பேசற மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் சுத்தம் பண்ணா வார்த்தை புரியும்னு நெனைக்கறேன். நீயா அது?" என்றார் போனில். ஆமாம் சார், நான்தான் என்றாள். என்ன பேசினாய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மகளின் பெயரைச் சொன்னேன் சார் என்றிருப்பாள். மூன்று வருடமாக அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வருகிறாள். லடாக்கில் ஓர் உறைந்த ஏரியின் நடுவில், காலடியில் பனி விரிசல் விட்டு, செத்தோம் என்று குப்புறப் படுத்துக் கிடந்த பதினோரு நிமிடத்தில் ஃபெலிசியா, ஃபெலிசியா என்று கூப்பிட்டேன் என்று. ஃபெலிக்கு அப்போது ஒன்பது வயது. இப்போது பன்னிரண்டு. பள்ளிக்கூடம் இங்கிருந்து இரண்டு தெரு தள்ளி. மூன்று இருபதுக்கு விட்டதும் நேரே இங்கேதான் வரப்போகிறாள். மணி பார்த்தாள். மூன்றாக இன்னும் பத்து நிமிடம். அவள் செய்த ஆல்பம் நாற்பத்தேழு நிமிடம். கணக்குப் போட்டுப் பார்க்கவே பயமாக இருந்தது.

முதலில் காற்று வந்தது. வெறும் காற்று, அதற்கு அடியில் சிந்தசைசரின் ஒரே ஒரு தாழ்ந்த சுரம், ஏறுகிறதா நிற்கிறதா என்று தெரியாத வேகத்தில். இதைச் செய்து முடிக்க நான்கு மாதம் ஆனது என்று சொன்னால் யாராவது சிரிப்பார்கள். ஆனால் அந்தச் சமவெளியில் காற்று அப்படித்தான் வந்தது. முதல் நாள் ஜீப்பிலிருந்து இறங்கியதும் ஒலிப்பதிவுக் கருவியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். எதிரே மலை. பக்கத்தில்தான் இருக்கிறது, நடந்தே போய்விடலாம் என்று நினைத்தாள். அது நாற்பது கிலோமீட்டர் தூரம் என்று டிரைவர் சொன்னபோது நம்பவில்லை. கண்ணுக்குத் தூரம் அளக்க அங்கே ஒன்றுமே இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு கம்பம் இல்லை, தூசி இல்லாத காற்றில் மலையின் ஒவ்வொரு மடிப்பும் கைரேகை மாதிரி தெரிந்தது, கடல் மட்டத்திலிருந்து நாலாயிரத்து ஐந்நூறு மீட்டர், மூச்சு பாதிதான் உள்ளே போனது, மீதிப் பாதிக்கு நெஞ்சு ஏங்கியது. அந்த ஏக்கத்திலேயே ஒரு மகிழ்ச்சி இருந்தது. சாலிகிராமத்தில் இருந்துகொண்டு பதினெட்டு வருடம் சினிமாவுக்குச் சத்தம் சேர்த்தவள் அவள். திரையில் ஒருவன் அறைந்தால் அந்த அறை அவளுடையது. ஈரத் துண்டைச் சுவரில் அடித்து, முட்டைக்கோஸை ஓங்கி உடைத்து, கன்னத்தில் விழுகிற அடிகளை மட்டும் நூற்று இருபது விதமாகச் சேர்த்து வைத்திருக்கிறாள். கொலுசு, கதவு, கூட்டம், மழை. சத்தம் என்பது வேண்டியபோது செய்துகொள்கிற பொருள் என்றுதான் இருந்தாள். அப்புறம் அந்த ஆவணப்படம் வந்தது. ஆடு மேய்க்கிறவர்களைப் பற்றிய படம், ஒலியைச் சுத்தம் செய்து தரச் சொல்லி. அதை எடுத்தவர் ஒரு காகிதத்தில் குறித்திருந்தார்: பன்னிரண்டாவது நிமிடத்தில் ஏதோ எலக்ட்ரானிக் இரைச்சல், தயவுசெய்து எடுத்துவிடவும். போட்டுக் கேட்டாள். பீயூவ் என்று ஒரு சத்தம், மேலே தொடங்கிக் கீழே சறுக்கி விழுந்தது. அதற்குப் பதில் சொல்வதுபோல வெகு தூரத்தில் இன்னொன்று. எந்த மெஷினும் தராத சத்தம் அது என்று அவளுக்கு உடம்பில் தெரிந்தது. காட்சியைப் பார்த்தாள். பின்னணியில் உறைந்த ஏரி. பனிக்கட்டி பாடிக்கொண்டிருந்தது, மேலே நின்று மனிதர்கள் வெண்ணெய் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். நாற்பது நொடி. அந்த நாற்பது நொடியை அவள் படத்திலிருந்து எடுத்தாள், சொன்னபடி எடுத்தாள், எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு மழைக்காலம் முழுக்கக் கேட்டாள்.

காற்று ஓய்ந்து குளம்புச் சத்தம் வந்தது, இரண்டாவது. காட்டுக் கழுதைகள், பதினேழு, உறைந்த மண்ணில் ஓடியவை. அவற்றின் ஓட்டத்தை வெட்டி அடுக்கி ஒரு தாளமாக்கியிருந்தாள். தயாபரன் அதைக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்கிறார், இடது காதில் தொடங்கித் தலைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு வலது காதுக்குப் போகிறது. நன்றாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது என்று நினைக்கும்போதே மனம் நழுவி அடுத்த பாட்டுக்கும் அதற்கு அடுத்ததற்கும் ஓடி ஐந்தாவதின் வாசலில் போய் நின்றது, வேண்டாம் என்று இழுத்து வந்தாள், குளம்பைக் கேள், குளம்பைக் கேள். எத்தனை கழுதை? பதினேழு. ஏரிக்கரையில் ஆடு வளர்க்கிற யாங்டோல்தான் எண்ணிச் சொன்னாள். அவள் வீட்டில்தான் ஜசிந்தா பத்து நாளும் தங்கினாள். யாங்டோலுக்கும் ஜசிந்தாவின் வயதுதான், ஒன்றிரண்டு கூட இருக்கலாம், முகத்தில் வெயிலும் பனியும் சேர்ந்து ஆழமாக உழுத கோடுகள். அங்கே அக்காவை ஆச்சே என்பார்கள் என்று தெரிந்துகொண்டு ஆச்சே, ஆச்சே என்றே கூப்பிட்டாள். இருவருக்கும் நடுவில் ஓட்டை இந்திதான் பாலம். "இவ்வளவு தூரம் எதுக்கு வந்தாய்?" என்று கேட்டாள் யாங்டோல். ஏரி பாடுகிறதே அதைக் கேட்க என்றாள் ஜசிந்தா. யாங்டோல் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "அது இங்கே தினமும்தான் கத்துகிறது. ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது." பிறகு, "நான் கல்யாணமாகி இங்கே வந்த முதல் குளிர்காலம் ஒரு வாரம் தூங்கவில்லை. யாரோ என்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்" என்றாள். யார் கூப்பிட்டதாக? "யார் என்று தெரிந்தால் பயம் வராதே."

மூன்றாவதில் அடுப்பு படபடக்கிறது. சாண வறட்டி எரிகிற அடுப்பு, யாங்டோல் வீட்டின் நடுவில் இருந்தது. ஒலிக்கருவியின் பேட்டரிகளைக் குளிர் ஒரு மணி நேரத்தில் தின்றுவிடும் என்பதால் அவற்றை உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு அந்த அடுப்பின் அருகில் உட்கார்ந்திருப்பாள், குஞ்சு பொரிக்கிற கோழி மாதிரி. யாங்டோல் சிரிப்பாள். வந்த அன்றே ஃபெலியின் போட்டோவைக் காட்டினாள். பல் விழுந்த ஃபெலி. யாங்டோல் போனைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "இவளை யாரிடம் விட்டாய்?" என் தங்கையிடம். "இவள் அப்பா?" கப்பலில் வேலை, வருடத்தில் எட்டு மாதம் கடலில். "அப்படியானால் நீ ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவள்" என்று சொல்லி அப்போதே எழுந்து, கோட்டை மாட்டிக்கொண்டு, அவளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போனாள். கடப்பாரையால் பனியில் துளை போட்டது அவள்தான். தண்ணீருக்கடியில் கேட்கிற மைக்கை அதற்குள் இறக்கிவிட்டு, கை அகலக் கற்களைப் பொறுக்கி வந்து பனியின்மேல் வரிசையாக வைத்தாள். "இந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் உன் இஷ்டம். அந்தப் பக்கம் ஓடை வந்து விழுகிற இடம். அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பனி கெட்டியாகாது. அந்தப் பக்கம் போகாதே." போக மாட்டேன் ஆச்சே. தன் வாயால்தான் சொன்னாள். போக மாட்டேன் ஆச்சே. ஏழு சாயங்காலம் போகவும் இல்லை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கும், கரையில் நிழல் வந்து விழும், வெப்பம் ஒரே அடியாக இருபது டிகிரி கீழே போகும், அப்போது பனி சுருங்கி, வெடித்து, பாடத் தொடங்கும். அது ஒரு திசையிலிருந்து வராது, அதுதான் அவளைப் பைத்தியமாக்கியது. கேட்கிறவளைச் சுற்றி முழுவதும் அதுவாகவே இருந்தது. தளர்ந்த மின்கம்பியை யாரோ மலை உச்சியில் நின்று அடித்ததுபோல. கோயில் மணியை நீருக்கு அடியில் அடித்து அதன் ரீங்காரத்தை மட்டும் யாரோ நீட்டி இழுத்ததுபோல. அப்படியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள், சொன்ன எதுவும் அருகில்கூட வரவில்லை. பனி மெல்லியதாக இருக்கிற இடத்தில் ஸ்தாயி ஏறும் என்று அவளுக்குத் தெரியும். கற்களுக்கு அந்தப் பக்கம் அது பறவைக் குரல் அளவுக்கு ஏறுவதைக் காதில் கேட்டாள். இருபது அடி. இருபதே அடி.

நான்காவது தொடங்கியது தெரியவில்லை. அது அப்படித்தான், அதில் ஒன்றுமே இல்லை. அங்கே நண்பகலில் காற்று நின்றுவிடும்போது இருக்கிற நிசப்தத்தைப் பதிவு செய்திருந்தாள், கருவியின் சொந்த மூச்சுதான் அதில் கேட்கும், அதன்மேல் அரை நிமிடத்துக்கு ஒரு முறை சிந்தசைசரில் ஒரு துளி. ஒன்பது நிமிடம். இதை யார் கேட்பார்கள் என்று வில்சன் கேட்டான், மனைவியை வருத்தக்கூடாது என்று சிரித்துக்கொண்டே கேட்டான். இப்போது அந்த நிசப்தத்தில் அவளுக்குத் தன் இதயம் கேட்டது. ஏன் பயப்படுகிறாய். உன் குரல்தானே. என்ன சொல்லியிருப்பாய், ஏசுவே என்றிருப்பாய், மாதாவே என்றிருப்பாய், தூத்துக்குடிக்காரி செத்துப்போகிற நேரத்தில் வேறென்ன சொல்வாள். ஃபெலிசியா என்றும் சொல்லியிருக்கலாம், ஏன் சொல்லியிருக்கக்கூடாது? மூன்றாம் நாள் லே நகரத்திலிருந்து போன் செய்தபோது குழந்தை கேட்டது, "பனி ஒடஞ்சப்ப நீ என்னம்மா பண்ணுன?" "உன் பேரச் சொன்னேன்மா" என்றாள். அந்தப் பக்கம் ஃபெலி மிகவும் மெதுவாக, "சத்தமாவா?" என்றாள். சத்தமாத்தான் சொன்னேன். அப்புறம் அது வளர்ந்தது. பிறந்தநாளன்று வந்தவர்களிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்துக் கட்டுரையில் ஃபெலி எழுதினாள், என் அம்மா உலகத்தின் உச்சியில் என் பெயரைக் கூப்பிட்டார் என்று. ஆசிரியை அதைப் படித்துவிட்டு அழுதாராம். சொல்லச் சொல்ல அந்தக் காட்சி கண்முன் வந்தது, தன் வாய் அசைவதுகூட. ஆனால் அந்தக் காட்சிக்குச் சத்தம் இல்லை. சத்தத்தையே தொழிலாக வைத்திருப்பவள், தன் நினைவில் அந்த ஓர் இடம் மட்டும் ஊமைப்படமாக ஓடுவதைக் கவனிக்காமலா இருந்தாள்? கவனித்தாள். அதனால்தான் மூன்று வருடமாக அந்தப் பதிவின் கீழ்ப்பகுதியை ஏற்றிக் கேட்கவில்லை. பனியின் உச்ச ஒலிகளை மட்டும் எடுத்துக்கொண்டாள், அடியில் கிடந்த மனித அலைவரிசையைத் தொடவே இல்லை, கை அங்கே போகும்போதெல்லாம் தானாகத் திரும்பி வந்தது. ஏனென்றால் அவளுக்கு வேறொன்று ஞாபகம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. பயப்பட்டது முதல் ஒரு நிமிடம் மட்டும். மீதிப் பத்து நிமிடம் அவள் வாழ்நாளில் அதுபோல மகிழ்ந்ததில்லை.

கதவு திறந்தது. வெளி வெளிச்சம் ஒரு கீற்றாக உள்ளே விழுந்து, அதோடு ஃபெலி வந்தாள், தோளில் பை, வியர்த்த நெற்றி, கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். "முடிஞ்சிருச்சாம்மா?" தயாபரன் உதட்டில் விரல் வைத்தார், பக்கத்து நாற்காலியைக் காட்டினார். ஃபெலி உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே போய்விடு என்று சொல்லலாம். கடையில் ஏதாவது வாங்கி வா என்று சொல்லலாம். நிறுத்துங்கள் சார் என்று சொல்லலாம். எதையும் சொல்வதற்குள் ஐந்தாவது தொடங்கிவிட்டது.

முதலில் டக் என்று ஒன்று. அவ்வளவுதான், பெரிய சத்தமாகக்கூட இல்லை, அப்பளம் உடைகிற அளவு. எட்டாம் நாள் சாயங்காலம், யாங்டோல் ஆடுகளைப் பட்டிக்குள் அடைக்கப் போயிருந்தாள். மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு, கற்களைத் தாண்டி, ஓர் அடி, இன்னோர் அடி, பதினெட்டு, பத்தொன்பது, ஓடைப் பக்கம் பனியில் தண்ணீர் எடுக்க யாரோ போட்டு விட்டிருந்த பழைய துளை போல ஒன்று, அதன்மேல் கண்ணாடித் தகடாய் மெல்லிய பனி, அதை உடைத்து மைக்கை இறக்கினாள், இறக்கிவிட்டுப் பத்தடி பின்னால் வந்தாள், டக். இரண்டு பூட்ஸுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு ஓடியது. அழகான கோடு. அதன் ஓரங்களில் தண்ணீர் கசிந்து பூட்ஸை நனைத்தது. எங்கேயோ படித்திருந்தபடி உடம்பு தானாகக் குப்புற விழுந்து கைகால்களைப் பரப்பிக்கொண்டது. கன்னம் பனியில். நெஞ்சு பனியில், கோட்டுக்குள் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. அசையாதே. அசைந்தால் முடிந்தது. ஆச்சே என்று கத்தினாள், கத்தியது மலை வரைக்கும் போய்க் காணாமல் போனது. வெயிலின் கடைசி மஞ்சள் எதிர்மலையின் நெற்றியில் இருந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது. அப்போது ஏரி தொடங்கியது. அக்கரையில் தொடங்கியது, இருபது கிலோமீட்டருக்கு அப்பால், அங்கே ஏதோ பிளந்து, அந்தப் பிளவின் ஒலி பனி நெடுக ஓடி வந்து அவள் தொப்புளுக்குக் கீழே நுழைந்து விலா எலும்புகளை ஒவ்வொன்றாக மீட்டிக்கொண்டு மண்டைக்குள் போய் வெளியேறியது. காதால் கேட்டதல்ல அது. அவளே அதற்குக் காதாகிக் கிடந்தாள். அது ஓய்வதற்குள் இன்னொன்று, இடப்பக்கம், தாழ்ந்து, அதன்மேல் மூன்றாவது, பிறகு எண்ண முடியாதபடி, ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றுக்கொன்று பதிலாக, அடியில் எத்தனையோ அடி ஆழத்துக்கு இருட்டுத் தண்ணீர், மேலே முதல் நட்சத்திரம்கூட வராத நீல வானம், நடுவில் ஒரு முழம்கூட இல்லாத பனித்தகட்டில் அவள். இது தனக்காகப் பாடவில்லை என்பது தெரிந்தது. யாருக்காகவும் இல்லை. அவள் உள்ளே விழுந்தாலும் இது இப்படியே பாடும், அவள் பிறப்பதற்கு முன்னால், மனிதர்கள் யாரும் வருவதற்கு முன்னால், ஒவ்வொரு சாயங்காலமும் கேட்க ஆளில்லாமல் இப்படிப் பாடியிருக்கிறது. அந்த எண்ணம் அவளை ஏன் அழவைக்காமல் இப்படித் தூக்கிப் பிடித்தது?

"அம்மா, கை வலிக்குது" என்றாள் ஃபெலி கிசுகிசுப்பாக. ஜசிந்தா பிடியை விட்டாள். தயாபரன் விரலால் ஜாடை காட்டினார், இதோ வருகிறது. அவள் சிந்தசைசரால் கட்டியிருந்த மெல்லிய திரை ஒன்று விலக, பனியின் முழக்கங்களுக்கு அடியில், நெஞ்சு வழியாகப் பனிக்குள் இறங்கி, பனி வழியாகத் தண்ணீருக்குள் இறங்கி, பத்தடி தள்ளித் தொங்கிய மைக்குக்குப் போய்ச் சேர்ந்த ஒரு பெண்குரல் எழுந்தது. முதலில் முனகல் மாதிரி. பிறகு அது முனகல் இல்லை, சிரிப்பு என்று தெரிந்தது. மூச்சு முட்டச் சிரிக்கிறாள் ஒருத்தி. ஏரி ஒரு நீண்ட ஒலியை வீசுகிறது, அது போய் முடிகிற இடத்தில் அவள் குரல், தெளிவாக, தூத்துக்குடித் தமிழில், ஒரு சின்னப் பிள்ளையின் ஆசையோடு சொல்கிறது: "எங்க... இன்னொரு தடவ... இன்னும்... இன்னும் ஒரே ஒரு தடவ..."

ஃபெலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஸ்பீக்கரையே பார்த்தாள். ஏரி பாடியது, குரல் கெஞ்சியது, ஏரி பாடியது. "இதுக்கப்புறமா வரும்?" என்று கேட்டாள். "என் பேரு." ஃபெலி காத்திருந்தாள், கழுத்தை நீட்டி, ஒன்றையும் தவறவிடக்கூடாது என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஆறு நிமிடம், ஏழு நிமிடம், ஒவ்வொரு தடவை அந்தக் குரல் எழும்போதும் அவள் புருவம் ஏறி இறங்குவதை ஜசிந்தா பார்த்துக்கொண்டே இருந்தாள், அந்தப் பனியில் கிடந்தபோது இவ்வளவு நீளமான நிமிடங்கள் இருக்கவில்லை. கடைசியில் வேறொரு சத்தம், பனியில் துணி உரசுகிற சத்தம், ஆடு கட்டும் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு யாங்டோல் வயிற்றால் ஊர்ந்து வருவது. அதோடு முடிந்தது. அறையில் ஏ.சி.யின் இரைச்சல் மட்டும். அன்று கரைக்கு இழுத்துப் போட்டதும் யாங்டோல் அவளை ஓங்கி ஓர் அறை விட்டாள், ஜசிந்தா சேர்த்து வைத்த நூற்று இருபதில் எதுபோலவும் இல்லாத, சத்தமே வராத ஓர் அறை. பிறகு அவளுடைய இரண்டு பாதங்களையும் தன் சட்டைக்குள், வெறும் வயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டு, விடியும்வரை உட்கார்ந்திருந்தாள்.

"வரலையே" என்றாள் ஃபெலி.

"வராதும்மா."

"நீ சொன்ன. போன்ல சொன்ன. பர்த்டேல எல்லார்கிட்டயும் சொன்ன."

"ஆமா."

"பொய்யா?"

"அப்ப எனக்கு ஞாபகம் இல்ல ஃபெலி. சொல்லிருப்பேன்னு நெனச்சேன்..." நிறுத்தினாள். இந்தப் பெண்ணிடம் இன்னும் ஒன்றைக் கட்டி நிறுத்த முடியாது. "இல்ல. பொய்னு கொஞ்சம் தெரியும். உள்ளுக்குள்ள தெரியும்."

ஃபெலியின் முகம் சிவந்தது. அழவில்லை. "செத்துப் போயிருந்தா?" என்று கேட்டாள். "நான் ஆலிஸ் சித்தி வீட்லயே இருந்திருப்பேன். உனக்காக ஜெபம் பண்ணிட்டு இருந்திருப்பேன். நீ அங்க சிரிச்சிட்டு, பாட்டு கேட்டுட்டுச் செத்திருப்ப."

தயாபரன் எழுந்து வெளியே போவதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியாமல் மேஜையிலிருந்த மோர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஜசிந்தா ஸ்பீக்கரைப் பார்த்தாள். ஆமாம், அப்படித்தான் செத்திருப்பேன். அதைச் சொல்லலாமா ஒரு குழந்தையிடம்? சொல்லாமல் இருந்தால் அந்தக் குரலை எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் அந்த ஆவணப்படக்காரருக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி, இரைச்சல் என்று சொல்லி எடுத்துவிட்டு மீதியை விற்கிற மாதிரி. வைத்துக்கொண்டால் இந்தப் பெண் நாளைக்குத் தன் கட்டுரையை எங்கே கொண்டுபோய் வைப்பாள். ஜசிந்தாவின் அப்பா, துறைமுகத்து மெக்கானிக், நீண்ட திருப்புளியின் நுனியை இஞ்சின்மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். அப்போது வீட்டிலிருந்து யார் போய்க் கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது, அவர் கண்ணில் யாருமே இருக்க மாட்டார்கள், சிறுமியாக அவள் பக்கத்தில் நின்று அந்தக் கண்ணைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். "செத்திருப்பேன் ஃபெலி" என்றாள். "உன்ன நெனைக்காமயே செத்திருப்பேன். உன்மேல பிரியம் இல்லாம இல்ல. அந்தப் பத்து நிமிஷம் நான் யாருக்கும் அம்மாவா இல்ல. நான்னே ஒருத்தி இல்ல. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்று ஃபெலி கத்தினாள்.

அந்தக் கேள்விக்காகவே மூன்று வருடம் ஆல்பம் செய்திருக்கிறாள், ஆனால் ஆல்பத்தில் அதற்குப் பதில் இல்லை என்பது அப்போதுதான் ஜசிந்தாவுக்கு உறைத்தது. நாற்பத்தேழு நிமிடமும் அவள் அடுக்கியது, வெட்டியது, அழகுபடுத்தியது. "சார், அந்த ஒரிஜினல் பதிவு உங்ககிட்ட இருக்குல்ல? நான் எதுவும் சேர்க்காதது. அதப் போடுங்க. ஹெட்போன்ல." தயாபரன் மறுபேச்சு பேசாமல் தேடினார். ஜசிந்தா பெரிய ஹெட்போனை எடுத்து மகளின் தலையில் வைத்தாள், இரட்டைப் பின்னலை ஒதுக்கி, காது மடல் மடங்காமல் பார்த்து. ஃபெலி தடுக்கவில்லை, அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை. தயாபரன் பொத்தானைத் தட்டினார். அறையில் ஒரு சத்தமும் இல்லை, திரையில் மட்டும் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது.

ஃபெலி மேஜை ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். "நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள், தன் குரல் தனக்கே கேட்காததால் அறை அதிரும்படி சத்தமாக. தயாபரன் திடுக்கிட்டார். "இருடா, கோவமாவே இரு" என்று ஜசிந்தா சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. பச்சைக் கோடு டக் என்று ஒரு முறை துள்ளி அடங்கியது. பிறகு திரையில் முதல் பெரிய அலை எழுந்து அகன்றது, அக்கரையிலிருந்து கிளம்பியது, ஜசிந்தாவுக்கு அதன் ஒவ்வொரு நொடியும் மனப்பாடம், இப்போது பாதி தூரம் வந்திருக்கும், இப்போது ஓடை முகம், இப்போது. மேஜையைச் சுரண்டிய விரல் நின்றது. ஃபெலியின் முழங்கையில் பூனைமயிர் எழுந்து நிற்பதை அந்த மங்கல் வெளிச்சத்திலும் பார்க்க முடிந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. கண் திறந்திருந்தது, ஆனால் அந்த அறையில் எதையும் பார்க்கவில்லை. இருபது கிலோமீட்டர் பனி அந்தப் பன்னிரண்டு வயது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஜசிந்தாவின் குரல் வருகிற இடம் வந்தது, போனது, சிறுமியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை, அந்தக் குரலை அவள் தாண்டிப் போய்விட்டாள், அதற்கு அப்பால் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். தயாபரன் ஜசிந்தாவைப் பார்த்து இரண்டு விரலைக் கத்தரிபோல ஆட்டி, எடுத்துடவா என்று ஜாடையில் கேட்டார். அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். இருக்கட்டும். இருக்கிறபடியே இருக்கட்டும். அவளுக்கு மன்னிப்பு கேட்க வேண்டும்போல, கட்டிக்கொள்ள வேண்டும்போல, ஏதாவது ஒன்று சொல்லியே ஆகவேண்டும்போல இருந்தது. குனிந்து மகளின் தோளைத் தொட்டு, "ஃபெலி" என்றாள்.

ஃபெலி திரும்பவில்லை. கையை மட்டும் தூக்கி, பேனா மசி அப்பிய உள்ளங்கையை அம்மாவின் முகத்துக்கு நேரே காட்டினாள், பேசாதே என்று, யாரோ வழியில் போகிறவரை நிறுத்துவதுபோல. கை அப்படியே அந்தரத்தில் நின்றது, இறக்க வேண்டும் என்பதையும் மறந்துபோய். ஜசிந்தா தோளிலிருந்து விரலை எடுத்தாள். ஓரடி பின்னால் நகர்ந்து, நாற்காலி கிறீச்சிடாமல் பார்த்துக்கொண்டு, மூச்சைச் சின்னதாக்கிக்கொண்டு நின்றாள்.